நிலவின் பள்ளம் உங்கள் மேஜை மீது!

கம்ப்யூட்டர் வாங்கியாகிவிட்டது. பாட்டு கேட்டாகிவிட்டது, கேம்ஸ் விளையாடியாகிவிட்டது, பெயின்ட் புரோகிராமில் வீடும் மரமும் வரைந்து பார்த்தாகிவிட்டது. அடுத்து என்ன? கம்ப்யூட்டரில் வரைந்து, பிரிண்ட் எடுத்து, வெட்டி ஒட்டிக் கையால் தொட்டுப் பார்க்கும் ஒரு பொருளைச் செய்வோமா? இந்த மாதப் பாடத்தில் மினியேச்சர் வார்கேம் விளையாட்டுக்கான நிலவுத் தரை ஒன்றைத் தயாரிக்கலாம். திரையில் உள்ள பிக்ஸல், தாளில் எப்படி மில்லிமீட்டராகிறது என்பதை இந்தப் பாடத்தில் நீங்கள் தெளிவாகப் புரிந்துகொள்ளலாம்.

மினியேச்சர் வார்கேம் என்றால் என்ன?

சிறிய பொம்மை வீரர்களை மேஜை மீது நிறுத்தி, டேப்பால் அளந்து நகர்த்தி, பகடை உருட்டி ஆடும் விளையாட்டு இது. ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி.வெல்ஸ் 1913-இல் இதற்காக லிட்டில் வார்ஸ் என்ற விதிப் புத்தகத்தையே வெளியிட்டார். நிலவுப் பயணம் பற்றி 1901-இல் நாவல் எழுதியவரும் அவரே! இந்த இரண்டையும் இன்று நாம் ஒரே மேஜையில் சேர்க்கப் போகிறோம்.

பரவலாகப் பயன்படும் பொம்மைகள் 28 மி.மீ. உயரம் உள்ளவை. வட்டமான 25 மி.மீ. அடித்தட்டில் நிற்கும். அதாவது, உண்மை அளவில் ஏறக்குறைய 60-இல் ஒரு பங்கு.

முதலில் நிலவைப் பார்ப்போம்

நிலவுத் தரை செய்யும் பலர், பள்ளத்தைத் தேநீர்க் கோப்பை போல ஆழமாகச் செய்துவிடுகிறார்கள். உண்மையில் நிலவின் பள்ளங்கள் சாப்பாட்டுத் தட்டு போல அகலமானவை. விண்கல் மோதிப் புதிதாக உருவான சிறு பள்ளத்தின் ஆழம், அதன் அகலத்தில் சுமார் ஐந்தில் ஒரு பங்குதான். வெளியே தெறித்த மண் சுற்றிலும் விழுந்து வரப்பு போல நிற்கும். அதன் உயரம், அகலத்தில் சுமார் 25-இல் ஒரு பங்கு. பழைய பள்ளங்கள் இன்னும் ஆழம் குறைந்து மழுங்கியிருக்கும்.

நாம் செய்யப்போகும் பள்ளத்தின் அகலம் 125 மி.மீ. எனவே வரப்பிலிருந்து அடிவரை ஆழம் 25 மி.மீ. இதில் வரப்பு 5 மி.மீ., தரைக்குக் கீழே 20 மி.மீ. ஸ்டேஷனரிக் கடையில் 5 மி.மீ. ஃபோம் போர்டு கிடைக்கும். ஐந்து அட்டைகளை அடுக்கினால் கணக்கு சரியாகிவிடும்.

இந்த அளவு விளையாட்டுக்கும் முக்கியம். 28 மி.மீ. வீரன் 25 மி.மீ. பள்ளத்தில் நின்றால் அவன் தலை மட்டும் வெளியே தெரியும். அவனுக்கும் மறைவு கிடைக்கும். எதிராளிக்கும் குறி கிடைக்கும். ஆழத்தை இரு மடங்காக்கினால், உள்ளே இருப்பவனை யாராலும் பார்க்க முடியாது. அவனாலும் யாரையும் பார்க்க முடியாது. ஆட்டம் அங்கேயே நின்றுவிடும்.

இனி கம்ப்யூட்டருக்கு வருவோம்

ஜிம்ப் என்ற இலவச புரோகிராமை அதன் சொந்த இணைய தளத்திலிருந்து இறக்கிப் பதிந்துகொள்ளவும். 2.10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பாக இருக்கட்டும்.

1. ஃபைல் மெனுவில் நியூ கிளிக் செய்திடவும். கிடைக்கும் விண்டோவில் அகலம் 1800, உயரம் 1800 பிக்ஸல் என அமைக்கவும். அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ் பிரிவைத் திறந்து எக்ஸ், ஒய் இரண்டு ரெசல்யூஷனையும் 254 என மாற்றவும். ஃபில் வித் என்ற இடத்தில் வொய்ட் தேர்ந்தெடுத்து ஓகே செய்திடவும்.

ஏன் 254? ஓர் அங்குலம் என்பது 25.4 மி.மீ. அங்குலத்துக்கு 254 பிக்ஸல் என்றால், ஒரு மி.மீட்டருக்குச் சரியாக 10 பிக்ஸல். எனவே நம் படம் தாளில் 180 மி.மீ. சதுரமாக வரும். ஏ4 தாளின் அகலம் 210 மி.மீ. என்பதால் தாராளமாக இடம் இருக்கும்.

2. கீ போர்டில் டி கீயை அழுத்தவும். முன் நிறம் கறுப்பாகவும் பின் நிறம் வெள்ளையாகவும் மாறும். அடுத்து ஜி கீயை அழுத்தினால் கிரேடியன்ட் டூல் கிடைக்கும். அதன் ஆப்ஷன்களில் கிரேடியன்ட் வகையை எஃப்ஜி டு பிஜி ஆர்ஜிபி எனவும், ஷேப் என்பதை ரேடியல் எனவும், ஆஃப்செட் என்பதை 40 எனவும் அமைக்கவும்.

3. படத்தின் நடுவே மவுஸை வைக்கவும். கீழே உள்ள ஸ்டேட்டஸ் பாரில் 900, 900 எனத் தெரிய வேண்டும். அங்கிருந்து வலது பக்கம் நேராக 1525, 900 வரை இழுத்து விட்டு, என்டர் தட்டவும். 625 பிக்ஸல் இழுத்திருக்கிறோம்; அதாவது 62.5 மி.மீ. ஆரம். நடுவில் கறுப்பும் ஓரத்தில் வெள்ளையுமாக வட்டம் ஒன்று கிடைக்கும். இதில் நிறம்தான் உயரம். கறுப்பு பள்ளத்தின் அடி, வெள்ளை வரப்பு.

ஆஃப்செட் 40 கொடுத்ததால் அடிப்பகுதி தட்டையாக இருக்கும். அதன் அகலம் சுமார் 58 மி.மீ. மூன்று வீரர்கள் தாராளமாக நிற்கலாம். நான்காவது ஆளுக்கு இடமில்லை. சுவரின் சரிவு சுமார் 34 டிகிரி வரும். உலர்ந்த மணலைக் குவித்தால் ஏறக்குறைய இந்தச் சரிவில்தான் நிற்கும்.

4. வட்டம் காம்பஸால் போட்டது போல இருந்தால் செயற்கையாகத் தெரியும். எனவே லேயர் மெனுவில் நியூ லேயர் ஒன்று உருவாக்கவும். ஃபில்டர்ஸ், ரெண்டர், நாய்ஸ், சாலிட் நாய்ஸ் எனச் சென்று ஓகே செய்திடவும். படம் முழுவதும் மேகம் போல மூடிவிடும், பயப்பட வேண்டாம். லேயர் கட்டத்தில் மோட் என்பதை ஓவர்லே எனவும், ஒப்பாசிட்டி அளவை 40 எனவும் மாற்றவும். வளையங்கள் லேசாக நெளியும்.

5. இப்போது ஃபைல் மெனுவில் சேவ் கொடுத்து எக்ஸ்சிஎஃப் ஃபைலாகச் சேமிக்கவும். லேயர்கள் தனித்தனியாக இருப்பது இந்த ஃபைலில் மட்டும்தான். பின்னால் மாற்ற விரும்பினால் இதுவே கைகொடுக்கும்.

6. இமேஜ் மெனுவில் ஃப்ளாட்டன் இமேஜ் கிளிக் செய்திடவும். பின் கலர்ஸ் மெனுவில் போஸ்டரைஸ் தேர்ந்தெடுத்து, லெவல்ஸ் 6 என அமைக்கவும். நிறங்கள் ஆறு படிகளாகப் பிரிந்து, இடையில் ஐந்து எல்லைக் கோடுகள் கிடைக்கும். ஐந்து அட்டைக்கு ஐந்து கோடு!

7. பென்சில் டூல் எடுத்து, நிறத்தைக் கறுப்பாக வைத்து, 400, 1750 என்ற இடத்தில் கிளிக் செய்யவும். ஷிப்ட் கீயை அழுத்தியபடி 1400, 1750-இல் மீண்டும் கிளிக் செய்யவும். 1000 பிக்ஸல் கோடு கிடைக்கும். தாளில் இது 100 மி.மீ. இருக்க வேண்டும். இந்தப் படத்தை சேவ் அஸ் மூலம் வேறு பெயரில் சேமிக்கவும்.

பிரிண்ட் எடுக்கும் முன் கவனிக்கவும்

நான் முதல் முறை செய்தபோது இந்தக் கோட்டைப் போடவில்லை. மூன்று தாள்களை ஜிம்ப்பிலும், மீதி இரண்டை மறுநாள் படம் பார்க்கும் வேறு புரோகிராமிலும் பிரிண்ட் எடுத்தேன். பின்னது கேட்காமலேயே தாளின் அளவுக்குப் படத்தைப் பெரிதாக்கிவிட்டது. வெட்டி அடுக்கிய பிறகுதான் ஓட்டைகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று தெரிந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமையும் இரண்டு அட்டையும் வீண்!

எனவே ஜிம்ப்பின் பிரிண்ட் விண்டோவில் இமேஜ் செட்டிங்ஸ் டேபில் அகலம் 180 மி.மீ. என்று இருப்பதைப் பார்க்கவும். பிரிண்டர் அமைப்பில் ஃபிட் டு பேஜ் இருந்தால் எடுத்துவிடவும். முதலில் ஒரே ஒரு தாள் எடுத்து, ஸ்கேலால் கோட்டை அளக்கவும். 100 மி.மீ. சரியாக இருந்தால் மட்டும் மீதி நான்கையும் எடுக்கவும். அட்டையின் தடிமன் 5 மி.மீ.தான், அது மாறாது. படம் பெரிதானால் பள்ளத்தின் விகிதம் கெட்டுவிடும்.

வெட்டி ஒட்டுதல்

ஐந்து தாள்களையும் ஐந்து ஃபோம் போர்டுகளில் ஒட்டவும். முதல் அட்டையில் நடுவில் உள்ள கறுப்புப் பகுதியின் ஓரத்தில் வெட்டவும். இரண்டாவதில் அடுத்த எல்லை, மூன்றாவதில் அதற்கடுத்தது என நான்கு அட்டைகளிலும் துளை போடவும். ஐந்தாவது அட்டை வரப்பு. இதில் கடைசி எல்லையை வெட்டியபின், அதிலிருந்து 15 மி.மீ. வெளியே கோணல்மாணலாக வெட்டி வளையமாக எடுக்கவும். கடினமான அட்டை ஒன்றை அடியில் வைத்து, வரிசையாக அடுக்கி வெள்ளைப் பசையால் ஒட்டவும். கட்டர் கூர்மையானது, சிறுவர்கள் பெரியவர்களை வெட்டித் தரச் சொல்லவும்.

படிகள் மறைய, பெயின்ட் கடையில் கிடைக்கும் வால் பட்டியைப் பூசி, ஈரம் காயுமுன் சலித்த மணலைத் தூவவும். காய்ந்தபின் அக்ரிலிக் வண்ணத்தைப் பிரஷ்ஷால் அடிக்கவும். ஸ்ப்ரே பெயின்ட் வேண்டாம். வெட்டிய ஓரங்களில் ஃபோமைக் கரைத்துவிடும். நிறம் வெள்ளையல்ல, அடர்ந்த சாம்பல். நிலவின் தரை தன் மீது விழும் ஒளியில் சுமார் 12 சதவீதத்தையே திருப்பி அனுப்புகிறது. கறுப்பு வானத்தின் நடுவே இருப்பதால்தான் நமக்கு வெள்ளையாகத் தெரிகிறது.

மேஜையின் மற்ற பகுதிகளை 20 மி.மீ. தெர்மாகோல் போட்டு இதன் உயரத்துக்குக் கொண்டுவரவும். ஒரு மேஜை விளக்கைப் பக்கவாட்டில் தாழ்வாக வைத்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். பள்ளத்தின் ஒரு பாதி இருளில் மூழ்கும்.

இதில் பழகிய பின் பெரிதாகச் செய்யலாம். 1969-இல் அப்போலோ 11 இறங்கிய இடத்துக்கு அருகே, ஆம்ஸ்ட்ராங் விரைந்து சென்று படமெடுத்த லிட்டில் வெஸ்ட் பள்ளம் சுமார் 30 மீட்டர் அகலம். நம் பொம்மைகளின் அளவில் 50 செ.மீ. வரும். அதை எத்தனை ஏ4 தாள்களில் பிரித்து பிரிண்ட் எடுக்க வேண்டும்? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மி.மீட்டருக்கு 10 பிக்ஸல் என்பது நினைவில் இருந்தால் போதும். விடை தானே வந்துவிடும்.