கித்தான் வேலைக்கு ஏற்ற தையல் இயந்திரம்

(படகு மெத்தை உறையும் மேற்கூரையும் தைக்க விரும்பும் சங்கங்களுக்கு ஒரு பாடம்)

நெய்த துணியை அப்படியே விற்பதைவிட, அதைப் பயன்படும் பண்டமாக்கி விற்பதால் தொழிலாளிக்குக் கூடுதல் கூலி கிடைக்கிறது என்பது கூட்டுறவுத் துறையில் பழகியோர் அனைவரும் அறிந்த உண்மை. இவ்வாறு தையற் பிரிவு ஒன்றை நடத்திவரும் சங்கம், இன்னும் ஓர் அடி முன்னே சென்று கித்தான் வேலையில் இறங்கலாமா என்று எண்ணுவது இயல்பே. விவசாயிக்குக் களத்து நெல்லை மூடத் தார்ப்பாய் வேண்டும். உதகை, கொடைக்கானல், ஏற்காடு ஏரிகளிலும் முட்டுக்காடு, பிச்சாவரம் உப்பங்கழிகளிலும் ஓடும் சுற்றுலாப் படகுகளுக்கு மெத்தை உறையும் மேற்கூரையும் மழைமறைப்பும் வேண்டும்.

இவற்றுள் படகு வேலையே மிகக் கடினமானது. வெயில், மழை, உப்பு ஈரம், காற்றின் இழுப்பு, ஏறி இறங்குவோரின் பாரம் ஆகிய ஐந்தையும் அந்தத் தையல் தாங்க வேண்டும். படகுக்குத் தைக்கத் தகுந்த இயந்திரம் தார்ப்பாய்க்கும், பேருந்து இருக்கைக்கும், பந்தலுக்கும் தகும். ஆதலின் படகு வேலையையே அளவுகோலாகக் கொண்டு இயந்திரத்தைத் தேர்ந்தெடுக்கும் முறையை இங்கே ஆராய்வோம்.

இயந்திரம் வாங்கும் பணம் அங்கத்தினரின் பங்குப் பணம். தவறான இயந்திரம் வந்து சேர்ந்தால் அது உறை போட்டு மூலையில் நிற்கும். அதற்காக வாங்கிய கடனோ நில்லாது வளர்ந்துகொண்டிருக்கும். நட்டம் அத்துடன் முடிவதுமில்லை. முதல் காற்றிலேயே மேற்கூரையின் தையல் பிரிந்தால், படகுக்காரர் மறுமுறை நம் சங்கத்தின் வாயிலை மிதிக்க மாட்டார். ஆழமறிந்து காலை விடுவதே அறிவுடைமை.

1. முதலில் வேலையை அளந்துகொள்க

கடைக்குச் செல்லுமுன் எந்தத் துணியை, எத்தனை அடுக்காக, எந்த நூலால் தைக்கப் போகிறோம் என்பதை எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். அடுக்குகளின் கணக்கு பலரை ஏமாற்றிவிடும். ஓரத்தை இரு மடிப்பாக மடித்துத் தைத்தால் அவ்விடத்தில் மூன்று அடுக்குகள் உண்டாகின்றன. அத்தகைய இரண்டு ஓரங்கள் கூடும் மூலையில் ஒன்பது அடுக்குகள் சேர்கின்றன. துணியின் கனம் 0.6 மி.மீ. என்றால் மூலையின் கனம் 5.4 மி.மீ. ஆகும். அதன்மேல் கயிறு கட்டும் நாடாவையும் வைத்துத் தைத்தால் கனம் இன்னும் கூடும். எனவே ஓர் இயந்திரம் இரண்டு அடுக்கை அழகாகத் தைப்பதைக் கண்டு மயங்கலாகாது. மூலையைத் தைக்குமா என்பதே கேள்வி.

2. துணியை நகர்த்தும் முறையே உயிர்நாடி

தையல் இயந்திரத்தின் தரம் அதன் எடையிலோ, மோட்டாரின் குதிரைச் சக்தியிலோ மட்டும் இல்லை. ஒவ்வொரு தையலுக்கும் துணியை அது எவ்வாறு நகர்த்துகிறது என்பதிலேதான் பெரும்பாலும் இருக்கிறது. இதில் மூன்று முறைகள் முக்கியமானவை.

முதலாவது, அடிப் பற்கள் மட்டும் துணியைத் தள்ளுவது. தையற்கடைகளில் காலால் மிதிக்கும் இயந்திரமும், சட்டை தைக்கும் ஆலைகளில் ஓடும் அதிவேக இயந்திரமும் பெரும்பாலும் இம்முறையைச் சேர்ந்தவை. இதில் பற்கள் கீழ்த்துணியைத்தான் பிடிக்கின்றன. மேல்துணியோ அழுத்துக் காலில் உராய்ந்து பின்தங்குகிறது. மெல்லிய பருத்தித் துணியில் இது தெரிவதில்லை. ரெக்ஸினிலும் பூச்சுப் பூசிய கித்தானிலும் நன்றாகத் தெரியும். ஒரு தையலுக்கு மி.மீட்டரில் இருபதில் ஒரு பங்கு மட்டுமே மேல்துணி பின்தங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 4 மி.மீ. தையலில் 2 மீட்டர் நீளத்திற்கு 500 தையல்கள் விழும். முடிவில் மேல்துணி 25 மி.மீ., அதாவது ஏறக்குறைய ஓர் அங்குலம், மிஞ்சி நிற்கும். படகின் இரும்புச் சட்டத்தில் இழுத்துக் கட்டவேண்டிய கூரைக்கு ஓர் அங்குலப் பிழை என்பது வேலையே வீண் என்பதற்கு ஒப்பாகும்.

இரண்டாவது, ஊசியும் பற்களுடன் சேர்ந்து நகர்வது. துணிக்குள் இறங்கிய ஊசி எல்லா அடுக்குகளையும் குத்திப் பிடித்தபடியே பின்னே செல்வதால் வழுக்கல் பெரிதும் குறைகிறது.

மூன்றாவது, பற்கள், ஊசி, உட்கால் ஆகிய மூன்றும் ஒன்றாக நடப்பது. இதையே கடைக்காரர்கள் ‘வாக்கிங் ஃபுட்’ இயந்திரம் என்கிறார்கள். இதில் அழுத்துக் கால் இரண்டாகப் பிரிந்திருக்கும். உட்கால் ஊசியுடனும் பற்களுடனும் சேர்ந்து துணியைக் கொண்டு செல்லும். அவை மூன்றும் திரும்பி வரும்போது வெளிக்கால் துணியை அசையாமல் பிடித்துக்கொள்ளும். மேல்துணியும் கீழ்த்துணியும் ஒரே அளவு நகரும். மேட்டின்மீது ஏறி இறங்கும்போதும் தையலின் நீளம் அதிகம் மாறாது. கித்தானுக்கும் மெத்தை உறைக்கும் உரியது இம்முறையே. சிங்கர் 111 வரிசையும், ஜூகி டி.என்.யூ. 1541 வகையும் இதற்கு உலகறிந்த உதாரணங்கள். பின்னது 9 மி.மீ. வரை நீண்ட தையல் போடும். முழங்காலால் நெம்பினால் அதன் அழுத்துக் கால் 16 மி.மீ. வரை உயரும்.

‘வாக்கிங் ஃபுட்’ என்ற பெயரை மட்டும் நம்பிவிடவும் கூடாது. மேற்காலும் பற்களும் மட்டும் நடந்து, ஊசி நேராக ஏறி இறங்கும் வகைகளும் அதே பெயரில் விற்கப்படுகின்றன. கைச்சக்கரத்தை மெல்லச் சுழற்றி, துணிக்குள் இருக்கும்போது ஊசியும் பின்னே நகர்கிறதா என்று கண்ணால் பார்த்துக்கொள்வது நலம்.

3. வேகம் ஒரு பெருமையன்று

நிமிடத்துக்கு 5,000 தையல் என்று விற்பவர் சொன்னால் நமக்கு ஆசை பிறப்பது இயல்பே. கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஓர் இருக்கை உறையில் 12 மீட்டர் தையல் இருப்பதாகக் கொள்வோம். 4 மி.மீ. அளவில் மொத்தம் 3,000 தையல்கள். நிமிடத்துக்கு 1,000 தையல் போட்டால் 3 நிமிடம். 5,000 போட்டால் 36 விநாடி. மிச்சமாவது இரண்டரை நிமிடத்துக்கும் குறைவு. அளவெடுத்தல், வெட்டுதல், குறியிடுதல், பைப்பிங் வைத்தல், ஜிப் பொருத்துதல் ஆகியவற்றுக்கு ஆகும் நேரத்தின் முன் இந்த மிச்சம் ஒரு பொருட்டே அன்று.

அன்றியும், அதிவேகத்தில் ஊசி சூடேறுகிறது. செயற்கை நூல் அச்சூட்டில் இளகி அறும். ரெக்ஸின் பூச்சு ஊசியில் ஒட்டும். வளைவான மூலையில் ஒவ்வொரு தையலாக நடக்கவேண்டிய இடத்தில் இயந்திரம் பாய்ந்து ஓடினால் உறை கெடும், விரலுக்கும் ஆபத்து. ரெக்ஸினில் ஒருமுறை விழுந்த ஊசித்துளை மறைவதில்லை. தவறாகத் தைத்ததைப் பிரித்துத் திரும்பத் தைக்க இயலாது. எனவே இவ்வேலைக்கு வேண்டிய குணம் நிதானமும் வலிமையும் ஆகும்.

4. மோட்டார்

பழைய முறையிலான கிளட்ச் மோட்டார், தைத்தாலும் தைக்காவிட்டாலும் சுழன்றுகொண்டே இருக்கும். அதன் வேகம் ஏறக்குறைய 1,425 அல்லது 2,850 சுற்று. பெடலை அரைகுறையாக மிதித்து மெல்ல ஓட்ட நீண்ட பழக்கம் வேண்டும். சர்வோ மோட்டார் பெடலை மிதிக்கும்போது மட்டுமே சுழலும். உச்ச வேகத்தை முன்கூட்டியே கட்டுப்படுத்தி வைக்கலாம். புதிதாகக் கற்பவருக்கும் அச்சமிராது. மின்செலவும் ஓசையும் குறைவு.

எனினும் மிகக் குறைந்த வேகத்தில் சில சர்வோ மோட்டார்களின் தள்ளு வலிமை போதாமல், கனத்த மூலையில் இயந்திரம் நின்றுவிடுவதுண்டு. அதற்குப் பரிகாரம் கப்பி மாற்றம். மோட்டாரில் சிறிய கப்பியும் இயந்திரத்தில் பெரிய கப்பியும் பொருத்தினால் வேகம் குறையும், வலிமை கூடும். மோட்டார்க் கப்பி 60 மி.மீ., இயந்திரக் கப்பி 120 மி.மீ. என்றால் வேகம் பாதியாகிறது. தள்ளும் சக்தி ஏறக்குறைய இரட்டிக்கிறது. இடையில் வேகம் குறைக்கும் கப்பித் தொகுதி ஒன்றை வைத்து, மூன்றில் ஒரு பங்காகவும் குறைக்கலாம்.

5. நூலும் ஊசியும்

பருத்தி நூல் நனைந்தால் பருத்து ஊசித்துளையை அடைக்கும்; அது நல்ல குணம். ஆனால் இடையறாத ஈரத்தில் அது மக்கிவிடும். நைலான் நூல் மிக உறுதியானது. ஆயினும் வெயிலில் விரைவில் நலியும். நாள் முழுதும் வெயிலில் நிற்கும் படகுக் கூரைக்கு, வெயில் தாங்கும்படி பதப்படுத்திய பாலியெஸ்டர் நூலே தக்கது.

இங்கே நெசவாளர் ஒன்றைக் கவனிக்க வேண்டும. நமது நெம்பர் கணக்கில் எண் உயர உயர நூல் மெலியும். தையல் நூலுக்கு வழங்கும் ‘டெக்ஸ்’ கணக்கு இதற்கு நேர்மாறானது. 1,000 மீட்டர் நூலின் எடை எத்தனை கிராமோ அதுவே டெக்ஸ். எண் உயர்ந்தால் நூல் பருக்கும். 590ஐ டெக்ஸால் வகுத்தால் ஏறக்குறைய நமது பருத்தி நெம்பர் கிடைக்கும். டெக்ஸ் 90 என்பது சுமார் 6½ ஆம் நெம்பருக்குச் சமம்.

மெல்லிய உறைகளுக்கு டெக்ஸ் 70 நூலும் 110 அளவு ஊசியும், படகுக் கூரைக்கும் பொதுவான மெத்தை வேலைக்கும் டெக்ஸ் 90 நூலும் 125 ஊசியும், அதிக இழுப்புத் தாங்கவேண்டிய இடங்களுக்கு டெக்ஸ் 135 நூலும் 140 ஊசியும் பொருந்தும். இம்மூன்றையும் ஏற்கும் இயந்திரமே வேண்டும். ஊசியின் எண் மி.மீட்டரில் நூறில் ஒரு பங்கைக் குறிக்கும். 125 என்றால் 1.25 மி.மீ. பருமன்.

கித்தானுக்கு உருண்டை முனை ஊசியே உரியது. அது பாவையும் ஊடையையும் விலக்கிக்கொண்டு இறங்கும். தோலுக்கான வெட்டுமுனை ஊசி இழைகளை அறுத்துவிடும். தையலின் நீளம் 4 மி.மீ.க்குக் குறையாதிருப்பது நல்லது. நெருக்கித் தைத்தால் உறுதி என்று எண்ணுவது இங்குப் பொருந்தாது. தபால்தலைத் தாளின் துளைகளைப் போல் நெருங்கிய துளைகள் ரெக்ஸினைக் கிழியச் செய்யும்.

6. உருவ வகைகள்

சமதளமான மேசை இயந்திரம் தார்ப்பாய்க்கும் கூரைக்கும் பெரும்பாலான மெத்தை உறைகளுக்கும் போதும். உருளைக் கை இயந்திரம் பைகளுக்கும் வளைந்த உறைகளுக்கும் வசதியானது. ஆனால் அகன்ற துணியைத் தாங்க அதற்குத் தனியே பலகை வேண்டும். நீண்ட கை இயந்திரம் பெருந்துணியின் நடுவில் தைப்பதற்கு உதவும். விலையும் இடமும் மிகுதி. பாய்மரத் துணி தைப்பவர்களுக்குக் கோணல்மாணலாகச் செல்லும் ‘ஜிக்ஜாக்’ தையல் அவசியம். துணி இழுபடும்போது அத்தையல் நெகிழ்ந்து கொடுக்கும். உறைக்கும் கூரைக்கும் நேர்தையலே போதுமானது. குதிரைச் சேணமும் கனத்த நாடாவும் தைக்கும் பேரியந்திரம் நமக்குத் தேவையில்லை; அதில் மெல்லிய நூலால் சீராகத் தைப்பது அரிது. பெரிய பாபின் கொண்ட இயந்திரமானால், நீண்ட தையலின் நடுவே நூல் தீர்ந்து ஒட்டுப்போட நேர்வது குறையும்.

7. வாங்குமுன் சோதனை

விற்பவர் தரும் மெல்லிய துணித் துண்டில் தைத்துப் பார்ப்பது சோதனை ஆகாது. நமது கித்தானையும் ரெக்ஸினையும் நூலையும் கொண்டுசென்று, சங்கத்தில் தைக்கப்போகும் தொழிலாளியையே உட்காரவைத்துப் பின்வருவனவற்றைப் பார்க்க வேண்டும்.

(அ) சம நீளமுள்ள இரண்டு மீட்டர்த் துண்டுகளை, கையால் இழுக்காமல் தைத்து, முடிவில் ஓரங்கள் ஒத்து நிற்கின்றனவா என்று பார்த்தல்.

(ஆ) ஒற்றை அடுக்கில் தொடங்கி ஒன்பது அடுக்கு மூலையில் ஏறி இறங்குதல். தையல் தவறக்கூடாது, கைச்சக்கரத்தைத் தள்ளி உதவ நேரக்கூடாது.

(இ) பின்னோக்கித் தைத்தல். முன்னர் விழுந்த துளைகளிலேயே ஊசி இறங்கினால் அமைப்புச் சரி.

(ஈ) தைத்ததைத் திருப்பிப் பார்த்தல். அடியில் நூல் வளையமாகத் தொங்காமல், முடிச்சு துணியின் நடுவே அமர வேண்டும்.

(உ) ரெக்ஸினில் பற்தடம் விழுகிறதா என்று பார்த்தல். விழுந்தால், வழவழப்பான கால் கிடைக்குமா என்று கேட்டறிதல்.

பழைய இயந்திரம் வாங்குவோர் ஹூக்கின் முனை தேய்ந்துள்ளதா, ஊசித்தண்டு ஆடுகிறதா என்பதையும் பார்க்க வேண்டும். நல்ல பழைய இயந்திரம் மட்டமான புதியதைவிட மேலானது. ஆனால் எதுவாயினும், அதற்குரிய ஊசியும் பாபினும் அருகிலுள்ள நகரில் கிடைக்க வேண்டும். பழுது பார்ப்பவர் இரண்டொரு நாளில் வந்துசேர வேண்டும். உதிரிப்பாகம் கிடைக்காத இயந்திரம் எவ்வளவு மலிவாயினும் விலை மிகுந்ததே.

8. சங்கக் கூட்டத்தில் விவாதிக்க

1. நம் ஊருக்கு அண்மையில் கித்தான் வேலை கொடுக்கக்கூடியவர்கள் யார்? அவர்கள் ஆண்டில் எந்த மாதங்களில் கொடுப்பார்கள்?

2. அவ்வேலையில் மிகக் கனத்த மூலை எத்தனை அடுக்கு?

3. முதல் இயந்திரத்தில் பயிலப்போகும் இருவர் யார்? ஒருவர் வராத நாளில் வேலை நில்லாதிருக்க வழி என்ன?

4. படகுக்கு வேலை இல்லாத மாதங்களில் அதே இயந்திரத்தில் விவசாயிகளுக்குத் தார்ப்பாயும் சாக்குறையும் தைக்க முடியுமா?

இக்கேள்விகளுக்கு விடை கண்ட பின்னரே விலைப்பட்டியலைக் கையில் எடுக்க வேண்டும். தொடக்கத்தில், துணியைச் சமமாக நகர்த்தும், நிதானமாக ஓடும் சமதள இயந்திரம் ஒன்று போதும். அது ஓயாமல் ஓடி, அதன் வருமானத்தில் இரண்டாவது இயந்திரம் வரட்டும். கடனில் ஒரே நாளில் நான்கு இயந்திரம் வாங்கி அடுக்குவதைவிட இதுவே சங்கத்துக்கும் அங்கத்தினருக்கும் நன்மை தரும்.