கால்நடைப் பாடம்: காளைக்கன்றின் சதை எப்போது வளர்கிறது?



லயத்துக்குப் பின்னால் கொட்டில் போட்டு ஒரு கறவை மாடு வைத்திருக்கிறோம். பசுக்கன்று பிறந்தால் சந்தோஷம். காளைக்கன்று என்றால் முகம் சுருங்கிவிடும். "இது எதுக்கு? பாலையும் குடிச்சிரும், தீனியும் தின்னும்" என்று சொல்லி, பாலைக் குறைத்து, கேட்ட விலைக்குத் தரகரிடம் தள்ளிவிடுகிறோம். மாட்டிறைச்சி தொடாத வீடுகளிலும் இதுதான் நடக்கிறது. கன்று எங்கே போகிறது என்பது எல்லாருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்வதில்லை. வளர்ப்பதும் விற்பதும் அவரவர் மனச்சாட்சி. ஆனால் விற்கத்தான் போகிறோம் என்றால் ஏமாறாமல் விற்க வேண்டாமா? அதற்குத்தான் இந்தப் பாடம்.

ஈச்சிலம்பற்றுப் பட்டி

முதலில் மலையை விட்டுக் கொஞ்சம் கிழக்கே போவோம். திருகோணமலை மாவட்டத்தில், மூதூருக்குத் தெற்கே, வெருகல் ஆற்றுக்கு வடக்கே இருக்கிறது ஈச்சிலம்பற்று. அங்கே நம்மைப் போல ஒன்றிரண்டு மாட்டைக் கட்டித் தீனி போடுவதில்லை. பட்டி பட்டியாக மேய விடுகிறார்கள். இளங்காளையை 'நாம்பன்' என்பார்கள். பெரும்பாலும் சிறிய உடம்புள்ள நாட்டு மாடுகள்தான்.

மாரி மழையில் புல் தழைக்கும்போது இந்த மாடுகள் தேறும். மாசி, பங்குனியில் வயல் அறுவடையானதும் தாளடி மேய்ந்து இன்னும் தேறும். ஆனி முதல் புரட்டாதி வரை வெயிலில் புல் கருகும்போது இளைக்கும். இளைப்பது என்றால் என்ன? வயிற்றுக்கு இல்லாதபோது மாடு தன் கொழுப்பையும் பிறகு தன் சதையையுமே தின்று உயிர் வாழ்கிறது. மழையில் சேர்த்ததை வெயிலில் செலவழிப்பதால் நாம்பன் ஆளாவதற்கு நாலைந்து வருடம் போய்விடுகிறது. வைக்கோலைச் சேர்த்து வைத்திருக்கும் பட்டிக்காரரின் மாடு அவ்வளவு இளைப்பதில்லை.

இதில் காசு மட்டுமல்ல, உயிரும் இருக்கிறது. 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கு, கிழக்கு மாகாணங்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட கால்நடைகள் இறந்தன. உடம்பில் சேமிப்பு இல்லாத மாட்டுக்குக் குளிரைத் தாங்கச் சக்தி ஏது?

சதை தொடங்குவது தாய் வயிற்றில்

நம் கொட்டில் மாடானாலும் பட்டி மாடானாலும் சதை வளரும் விதி ஒன்றுதான். சதை என்பது நூல் கற்றை மாதிரி, மெல்லிய நார்களின் கட்டு. இந்த நார்களின் எண்ணிக்கை கன்று பிறக்கும் முன்பே, பெரும்பாலும் சினையின் ஏழாம் மாதத்துக்குள், முடிவாகிவிடுகிறது. பிறந்த பிறகு நார் தடிக்கும், நீளும், எண்ணிக்கை கூடாது.

நாம் செய்வதோ நேர்மாறு. சினை நடுமாதங்களில் "பால் குறையுதே" என்று தவிட்டைக் குறைக்கிறோம். கடைசி மாதத்தில் மட்டும் புண்ணாக்கு வாங்கி வைக்கிறோம். அந்த நேரத்துக்கு நார் எண்ணிக்கை முடிந்துபோயிருக்கும்.

பிறந்த பிறகு உடம்பு வளர்வதிலும் ஒரு வரிசை உண்டு. முதலில் எலும்பு, அடுத்தது சதை, கடைசியில் கொழுப்பு. முதல் வருடம் பட்டினி கிடந்த கன்றுக்குப் பின்னால் எவ்வளவு போட்டாலும் கொழுப்பு ஏறுமே தவிர, இழந்த சதை முழுவதும் திரும்பாது.

"அப்படியானால் பெரிய இனத்து ஊசி போட்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். பெல்ஜியன் புளூ என்றொரு இனம் உண்டு. சதை அளவுமீறி வளராமல் தடுக்க உடம்பிலேயே மயோஸ்டற்றின் என்ற ஒரு பிரேக் இருக்கிறது. இந்த இனத்தில் அந்த பிரேக் வேலை செய்வதில்லை என்று 1997இல் கண்டுபிடித்தார்கள். சதை மலைபோல் வரும். ஆனால் கன்று பெருத்து, தாயின் வயிற்றைக் கீறி எடுக்க வேண்டிய நிலையும் அடிக்கடி வரும். சின்னப் பசுவுக்குப் பெரிய இனம் வைத்தால் கன்றோடு பசுவும் போய்விடக்கூடும்.

நாடாவால் நிறுப்போம்

தரகர் கண்ணால் பார்த்து விலை சொல்வார். நாம் தையல் நாடாவால் அளப்போம். முன்னங்காலுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவு. தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம். இரண்டும் சென்ரிமீற்றரில். சுற்றளவைச் சுற்றளவால் பெருக்கி, அதை நீளத்தால் பெருக்கி, 10,840ஆல் பிரித்தால் ஏறக்குறைய உயிர் எடை கிலோவில் வரும்.

உதாரணம்: சுற்றளவு 140, நீளம் 115. 140 × 140 × 115 = 22,54,000. அதை 10,840ஆல் பிரித்தால் சுமார் 208 கிலோ. தோல், தலை, கால், குடல் போனால் பாதிக்குச் சற்றுக் குறைவாக, 100 கிலோ அளவு மிஞ்சும். எலும்பு நீக்கினால் தனி இறைச்சி 65 கிலோ வரை. இந்தக் கணக்கு கையில் இருந்தால் "இது அம்பது கிலோ கூடத் தேறாதுங்க" என்பவருக்குப் பதில் சொல்லலாம்.

வயிறு பெருத்திருப்பதைப் பார்த்துக் கொழுத்த மாடு என்று எண்ண வேண்டாம். அது வெறும் புல் மூட்டை. பின்தொடை உருண்டு, முதுகெலும்பின் இருபுறமும் நிரம்பியிருக்கிறதா என்று பாருங்கள்.

செய்ய வேண்டியவை

1. சினைப் பசுவுக்கு நடுமாதங்களிலும் தவிடு, பச்சைத் தீனியைக் குறைக்காதீர்கள்.
2. கன்று காளையானாலும், பிறந்த ஒரு மணித்தியாலத்துக்குள் சீம்பால் கொடுங்கள்.
3. பிறகு தினமும் அதன் எடையில் பத்தில் ஒரு பங்கு பால். 20 கிலோ கன்றுக்கு 2 லீற்றர்.
4. மூன்றாம் வாரத்தில் புழு மருந்து பற்றி மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.
5. கினியா புல், கிளிரிசீடியா இலை கலந்து போடுங்கள். சுத்தமான தண்ணீர் எப்போதும் இருக்கட்டும்.
6. மாட்டை வெளியூருக்கு ஏற்ற அனுமதிப்பத்திரம் வேண்டும். அது இல்லாதவரிடம் விற்று வம்பில் மாட்டாதீர்கள்.

காளைக்கன்று வீட்டுக்குப் பாரம் அல்ல. அரைப்பட்டினி போட்டு வளர்த்தால்தான் பாரமாகிறது. இந்த வாரமே ஒரு நாடாவை எடுத்து உங்கள் கன்றை அளந்து, தேதியோடு சுவரில் எழுதி வையுங்கள். அடுத்த மாதம் மறுபடி அளந்தால், போட்ட தீனி எங்கே போகிறது என்பது உங்களுக்கே விளங்கும்.