கிருமி போய்விட்டது, கால் வலு எங்கே?

தொற்று நீங்கிவிட்டது, வீட்டுக்கு அழைத்துப் போகலாம் என்கிறார் மருத்துவர். 76 வயது அப்பாவோ கட்டிலைவிட்டு எழுந்து பத்தடி நடப்பதற்குள் மூச்சு வாங்கிச் சுவரைப் பிடிக்கிறார். கொவிட்-19 ஆகட்டும், சளிக்காய்ச்சல் ஆகட்டும், நுரையீரல்வரை முற்றி மருத்துவமனையில் கிடந்த முதியவர்கள் பலர் இப்படித்தான் வீடு திரும்புகிறார்கள். பரிசோதனையில் கிருமி இல்லை. ஆனால் கழிவறைக்குத் தனியாகப் போக முடியவில்லை. இந்த இடைவெளியைக் குறைக்கத்தான் மறுவாழ்வுச் சிகிச்சை இருக்கிறது.

பலவீனத்துக்குக் காரணம் ஒன்றல்ல. கடும் தொற்றின்போது உடல் தன் தசையில் உள்ள புரதத்தையே உடைத்துச் செலவழிக்கிறது. நாக்கில் சுவை இல்லாததால் சாப்பாடும் உள்ளே போவதில்லை. கடுமையான கொவிட்-19 நோயாளிகள் பலரின் உயிரைக் காத்த ஸ்டீராய்டு மருந்துகளுக்கும் தசையைத் தளர்த்தும் குணம் உண்டு. நீரிழிவு உள்ளவர்களுக்கு அவை சர்க்கரையையும் ஏற்றிவிடும். இவை எல்லாவற்றோடும் சேர்ந்துகொள்வது படுக்கை. பலரும் கவனிக்காமல் விடுவது அதைத்தான்.

1966ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டாலஸ் நகரில் 20 வயது இளைஞர்கள் ஐவரை மூன்று வாரம் படுக்கையிலேயே வைத்து ஆராய்ந்தார்கள். உழைக்கும்போது உயிர்வாயுவைப் பயன்படுத்தும் திறன் அவர்களிடம் கால் பங்குக்கு மேல் சரிந்தது. முப்பது ஆண்டுகள் கழித்து அதே ஐவரையும் மறுபடி சோதித்தபோது, முப்பது வருட மூப்பு செய்த சேதத்தைவிட அந்த மூன்று வாரப் படுக்கை செய்த சேதமே அதிகம் என்று தெரிந்தது. அவர்கள் இளைஞர்கள். 2007இல் வெளிவந்த இன்னொரு அமெரிக்க ஆய்வில், சராசரி வயது 67 உள்ள, நோய் ஏதுமற்ற முதியவர்கள் பத்தே நாள் படுத்திருந்தார்கள். கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை கரைந்தது. நோயோடு படுத்தவருக்கு எவ்வளவு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

நம் வீடுகளில் பாசம் காட்டும் முறையே இதற்கு எதிராகப் போகிறது. “பாவம், படுத்திருக்கட்டும்” என்கிறோம். தண்ணீர் கட்டிலுக்கு வருகிறது, சோறு ஊட்டப்படுகிறது, பணிப்பெண் சட்டைப் பொத்தானைக்கூடப் போட்டுவிடுகிறார். அம்மாவால் தன் கையால் செய்ய முடிகிற ஒவ்வொன்றையும் நாம் செய்துவிட்டால், அதைச் செய்யும் திறன் சில வாரங்களில் போய்விடும். பக்கத்தில் நில்லுங்கள், அவசரப்படுத்தாமல் அவரையே செய்ய விடுங்கள். பத்து நிமிடம் கூடுதலாகும், ஆகட்டும்.

சிங்கப்பூரில், பெரிய மருத்துவமனையிலிருந்து நேரே வீட்டுக்குப் போக முடியாதவர்களைச் சமூக மருத்துவமனைகளுக்கு அனுப்புகிறார்கள். ஊட்ரம், செங்காங், ஈசூன் சமூக மருத்துவமனைகள், ஆங் மோ கியோ-தை ஹுவா குவான் மருத்துவமனை, செயின்ட் லூக்ஸ் மருத்துவமனை போன்றவை அந்த வகை. அங்கே இயன்முறைச் சிகிச்சையாளர் நடையையும் வலுவையும் பார்ப்பார். குளிப்பது, உடுத்துவது, சமைப்பது போன்ற அன்றாட வேலைகளை மீண்டும் பழக்க வேறொரு சிகிச்சையாளர் இருக்கிறார். பேச்சுச் சிகிச்சையாளர் எதற்கு என்று சிலர் கேட்பார்கள். விழுங்குவதைச் சோதிப்பவரும் அவரே. மூச்சுக்குழாய் பொருத்தப்பட்டிருந்தவர்கள் தண்ணீர் குடிக்கும்போது இருமினால் அதைச் சாதாரணப் புரையேறலாக எண்ணி விடாதீர்கள். நீர் நுரையீரலுக்குள் போய் மறுபடி நிமோனியா வரலாம்.

சிகிச்சைக் குழு உங்களிடம் இலக்கு என்ன என்று கேட்கும்போது “குணமாக வேண்டும்” என்று சொல்லாதீர்கள். “பிடிமானமில்லாமல் மின்தூக்கிவரை நடக்க வேண்டும்”, “கீழே கோப்பிக் கடைக்குப் போய் வர வேண்டும்” என்று சொன்னால் அதற்கேற்பப் பயிற்சி அமையும்.

வீட்டில் செய்யக்கூடிய பயிற்சிகளில் எனக்கு மிகவும் பிடித்தது நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவது. கழிவறையிலும் கட்டிலிலும் தேவைப்படும் அசைவு அதுதான். சக்கரமில்லாத, உறுதியான நாற்காலியைச் சுவரோடு சாய்த்து வையுங்கள். முன்விளிம்புக்கு நகர்ந்து, பாதங்களைச் சற்று அகட்டி ஊன்றி, உடலை முன்னே சாய்த்து எழ வேண்டும். முடியாதவர் கைப்பிடியை அழுத்தி எழலாம். உட்காரும்போது தொப்பென்று விழக் கூடாது. மெல்ல இறங்குவதிலும் தசைக்குப் பாதி வேலை இருக்கிறது. தொடர்ந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடி அல்லது அதற்கு மேல் ஆனால் தசைத்திறன் குறைந்திருக்கக்கூடும் என்பது ஆசிய மருத்துவ வல்லுநர் குழு 2019இல் தந்த அளவுகோல். வாரம் ஒருமுறை நேரம் பார்த்து எழுதி வைத்தால் முன்னேற்றம் கண்ணுக்குத் தெரியும். படுக்கையிலிருந்து எழும்போது மட்டும் ஓரிரு நிமிடம் விளிம்பில் உட்கார்ந்த பிறகே நிற்க வேண்டும். திடீரென எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றும்.

எவ்வளவு செய்வது? பயிற்சியின்போது ஒரு முழு வாக்கியம் பேச முடிய வேண்டும். முடியாவிட்டால் நிறுத்தி உட்கார்ந்து, முன்னே சாய்ந்து, மூக்கால் இழுத்த மூச்சை விளக்கை ஊதுவதுபோல உதடு குவித்து மெதுவாக விட வேண்டும். 2021இல் தெமாசெக் அறநிறுவனம் வீடுதோறும் கொடுத்த ஆக்சிமீட்டர் இழுப்பறையில் கிடந்தால் மின்கலத்தை மாற்றி எடுத்து வையுங்கள். எந்த எண்ணுக்குக் கீழே போனால் நிறுத்த வேண்டும் என்று உங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். இன்னொன்று: ஒருநாள் தெம்பாக இருக்கிறதென்று அளவுக்கு மீறி நடந்துவிட்டு அடுத்த இரண்டு நாள் எழ முடியாமல் கிடப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு அளவைக் குறைத்து, இடையிடையே ஓய்வு தர வேண்டும்.

சாப்பாட்டில் நாம் நம்பும் கஞ்சி தசையை வளர்க்காது. நோயிலிருந்து தேறும் முதியவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 1.2 முதல் 1.5 கிராம்வரை புரதம் பரிந்துரைக்கப்படுகிறது. 55 கிலோ எடையுள்ள பாட்டிக்குக் குறைந்தது 66 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு குவளைப் பாலில் 8 கிராம், ஒரு கிண்ணம் வெறுங்கஞ்சியில் சில கிராம் மட்டுமே. அந்தக் கஞ்சியிலேயே முட்டையை உடைத்து ஊற்றுங்கள், மீனை உதிர்த்துப் போடுங்கள், பாசிப்பருப்பைச் சேர்த்து வேகவையுங்கள். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

ஓய்விலேயே மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, திடீர்க் குழப்பம் இவற்றில் எது வந்தாலும் 995ஐ அழையுங்கள். ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் அது ரத்தக்கட்டாக இருக்கலாம். அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள்.

கடைசியாகக் குளியலறை. ஈரத்தரையில் ஒருமுறை வழுக்கி இடுப்பு முறிந்தால் இத்தனை நாள் பயிற்சியும் வீண். 65 வயதுக்கு மேற்பட்ட சிங்கப்பூரர் வசிக்கும் வீவக வீடுகளில் கைப்பிடிக் கம்பி பொருத்தவும் குளியலறைத் தரையை வழுக்காததாக்கவும் ‘ஈஸ்’ திட்டம் உதவுகிறது. செலவில் பெரும்பகுதியை அரசாங்கமே ஏற்கிறது. விண்ணப்பித்து வேலை முடிய நாளாகும் என்பதால், அப்பா வீடு திரும்பும்வரை காத்திருக்காமல் அவர் மருத்துவமனையில் இருக்கும்போதே விண்ணப்பித்துவிடுங்கள்.