உயிரணுவின் வரவு செலவும் உணவுத் திட்டங்களும்

வளரும் நாடுகளைப் புரத நெருக்கடி ஒன்று எதிர்நோக்கியுள்ளது என்றும், அதைத் தவிர்க்கப் பன்னாட்டு முயற்சி உடனடியாகத் தேவை என்றும் ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கையொன்று 1968-ல் எச்சரித்தது. ஏழைக் குழந்தைகள் எலும்பும் தோலுமாக மெலிவதற்கும், சிலர் கைகால் வீங்கி மடிவதற்கும் உணவில் புரதம் போதாமையே அடிப்படைக் காரணம் என்பது அக்காலத்தில் பெரும்பாலோர் ஏற்றிருந்த கருத்தாகும். மீன் மாவு, எண்ணெய் நீக்கிய நிலக்கடலை மாவு, லைசின் சேர்த்த ரொட்டி ஆகியன பரிகாரங்களாக முன்வைக்கப்பட்டன. மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நிலக்கடலை மாவையும் கொண்டைக்கடலை மாவையும் கலந்து உருவாக்கிய பல்நோக்கு உணவும் இந்த நோக்கில் எழுந்ததே.

ஆறே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. டொனால்டு மக்லாரன் என்ற மருத்துவ அறிஞர் 1974-ல் 'லான்செட்' இதழில் எழுதிய கட்டுரையில், இந்தப் புரத இயக்கம் முழுவதுமே தவறான கணிப்பின்மேல் எழுப்பப்பட்டது என்று சாடினார். இந்தியாவில் இந்த ஐயம் அதற்கு முன்னரே தோன்றிவிட்டது. உணவு-வேளாண்மை நிறுவனத்தின் புள்ளியியல் பிரிவுக்குத் தலைமை வகித்த பி. வி. சுகாத்மேயும், ஐதராபாத்தில் தேசிய ஊட்டச்சத்து நிலையத்தின் இயக்குநராக இருந்த டாக்டர் சி. கோபாலனும், நம் நாட்டு ஏழையின் உணவில் முதற்குறை புரதமன்று, கலோரியே என்று தனித்தனி வழிகளில் வாதிட்டனர். எந்தத் திட்டத்திற்கு எவ்வளவு பணம் ஒதுக்குவது என்பது இந்த விவாதத்தைச் சார்ந்திருந்தது. ஆயினும் இதற்கான விடையை நிதிநிலை அறிக்கையில் காண இயலாது. உயிரணுவுக்குள் நிகழும் வரவு செலவில்தான் காண வேண்டும்.

உயிரணுவின் நாணயம்

உண்ணும் சோறும் எண்ணெயும் நேரடியாகத் தசையை இயக்குவதில்லை. அவற்றிலுள்ள ஆற்றல் முதலில் அடினோசின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி., என்ற பொருளாக மாற்றப்படுகிறது. தசை சுருங்குதல், நரம்பு செய்தி கடத்துதல், புதிய பொருள்களை உருவாக்குதல் ஆகிய எல்லாச் செலவுகளும் பெரும்பாலும் இந்த ஒரே நாணயத்தில்தான் செலுத்தப்படுகின்றன. இதனை 1929-ல் கண்டறிந்தவர்களுள் ஓர் இந்தியரும் இருந்தார் என்பது நம் பாடநூல்களில் போதிய அளவு வலியுறுத்தப்படாத செய்தி. பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ், ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் சைரஸ் பிஸ்குடன் இணைந்து இப்பொருளைப் பிரித்தெடுத்தார். அதே ஆண்டில் ஜெர்மனியில் கார்ல் லோமன் தனியாக இதே முடிவை எட்டினார்.

இந்த நாணயத்தைச் சேமித்து வைக்க முடியாது. உடலில் எந்த நேரத்திலும் சில பத்துக் கிராம் ஏ.டி.பி. மட்டுமே இருக்கும், ஆனால் அதே நாணயம் திரும்பத் திரும்பக் கைமாறுவதால், ஒரு நாளில் புழங்கும் மொத்தம் ஏறத்தாழ உடல் எடையளவு ஆகிறது. எனவே வரவு ஒரு கணமும் நிற்கக் கூடாது. ஒரு குளுக்கோஸ் மூலக்கூறு ஆக்சிஜன் இன்றிச் சிதையும்போது நிகரமாக இரண்டு ஏ.டி.பி.யே கிடைக்கும். ஹான்ஸ் கிரெப்ஸ் 1937-ல் விளக்கிய சிட்ரிக் அமிலச் சுழற்சியின் வழியே, ஆக்சிஜன் துணையுடன் முழுமையாக எரிந்தால் 30 முதல் 32 வரை கிடைக்கும். (பழைய பாடநூல்கள் 36 அல்லது 38 என்று கூறும்; அந்தக் கணக்கு பின்னர் திருத்தப்பட்டது.)

நொதிகளின் பணி

சர்க்கரையை நெருப்பிலிட்டால் ஒரே வீச்சில் எரிந்து வெப்பமாகிவிடும். உயிரணுவிலோ அதே எரிப்பு 37 பாகை செல்சியஸ் வெப்பத்தில், இருபதுக்கும் மேற்பட்ட சிறுசிறு படிகளில் நிகழ்கிறது. ஒவ்வொரு படிக்கும் ஒரு நொதி உண்டு. நொதி தான் மாறாமல் வினையை மட்டும் விரைவுபடுத்துவது. இரத்தத்தில் கரியமில வாயுவைக் கையாளும் கார்பானிக் அன்ஹைடிரேஸ் என்ற நொதியின் ஒரு மூலக்கூறு, ஒரு விநாடிக்குள் பத்து லட்சம் வினைகள்வரை நிகழ்த்த வல்லது.

உயிருள்ள ஈஸ்ட் இல்லாமலே, அதைப் பிழிந்தெடுத்த சாறு சர்க்கரையை நொதிக்கச் செய்யும் என்று எட்வர்டு புக்னர் 1897-ல் மெய்ப்பித்தார். நொதி என்பது புரதமே என்பதை 1926-ல் ஜேம்ஸ் சம்னர் காட்டினார். வாளவரை விதையிலிருந்து யூரியேஸ் என்ற நொதியைப் படிகமாகப் பிரித்தெடுத்தே அவர் இதை நிறுவினார். அறிஞர் உலகம் அதை ஏற்கச் சில ஆண்டுகள் பிடித்தன.

ஆக, ஆற்றலை ஈட்டித்தரும் கருவிகள் புரதங்களால் ஆனவை. அந்தப் புரதங்களை உருவாக்கவோ ஆற்றல் வேண்டும். இருபது வகை அமினோ அமிலங்கள் மணிகளைப் போல் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. ஒவ்வொரு மணியைக் கோக்கவும் குறைந்தது நான்கு உயராற்றல் பாஸ்பேட் பிணைப்புகள் செலவாகின்றன. வளர்ந்த மனிதரின் உடலில் நாள்தோறும் 250 முதல் 300 கிராம் வரை புரதம் சிதைந்து மீண்டும் உருவாகிறது. உணவின் வழியே வருவது இதில் ஐந்தில் ஒரு பங்கு அளவே. எஞ்சியது பழைய அமினோ அமிலங்களைத் திரும்பப் பயன்படுத்துவதால் ஈடாகிறது.

சில நொதிகள் தனித்து இயங்கா. வைட்டமின்களிலிருந்து உருவாகும் துணைப் பொருள்கள் அவற்றிற்கு வேண்டும். தயமின் என்ற பி-1 வைட்டமின் இல்லையேல், குளுக்கோஸின் சிதைவு பைருவிக் அமிலம் என்ற இடைநிலையிலேயே பெரும்பாலும் தேங்கிவிடும். வயிறு நிறையச் சோறு உண்டும் நரம்பும் இதயமும் தளர்ந்த பெரிபெரி நோயாளிகளின் நிலை இதுவே. பழைய சென்னை மாகாணத்தின் வடசர்க்கார் மாவட்டங்களில், தீட்டிய பச்சரிசியை உண்டவர்களிடையே இந்நோய் நிலவியது. புழுங்கலரிசி உண்ட பகுதிகள் பெரும்பாலும் தப்பின. நெல்லைப் புழுக்கும்போது தவிட்டிலுள்ள தயமின் அரிசியின் உட்பகுதிக்குள் இறங்கிவிடுவதே காரணம். ராபர்ட் மக்காரிசன் 1918-ல் குன்னூரில் தொடங்கிய பெரிபெரி ஆய்வுதான் வளர்ந்து, 1958-ல் ஐதராபாத்திற்கு இடம் மாறி, 1969-ல் தேசிய ஊட்டச்சத்து நிலையம் எனப் பெயர் பெற்றது.

விதைநெல்லை உண்ணும் நிலை

விவாதத்தின் மையமான கேள்வி இனித்தான் எழுகிறது. மாவுச்சத்து ஒரு கிராமும் புரதம் ஒரு கிராமும் ஏறத்தாழ நான்கு கலோரி தருகின்றன. கொழுப்பு ஒன்பது தருகிறது. கொழுப்புக்கு உடலில் பெரிய கிடங்கு உண்டு. மாவுச்சத்துக்குக் கல்லீரலிலும் தசையிலும் சில நூறு கிராம் கொள்ளும் சிறிய கிடங்கு உண்டு. புரதத்திற்கெனத் தனிக் கிடங்கு கிடையாது. உடலிலுள்ள புரதம் ஒவ்வொன்றும் ஏதேனும் ஒரு பணியிலிருக்கும் தசை, நொதி, நோய் எதிர்ப்புப் பொருள் ஆகியவையே.

உணவு நின்றால் கல்லீரலின் கிடங்கு ஒரு நாளைக்குள் ஏறக்குறையக் காலியாகிவிடும். மூளைக்கு மட்டும் நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸ் வேண்டும். கொழுப்பு அமிலங்களைக் குளுக்கோஸாக மாற்றும் வழி மனித உடலில் இல்லை. ஆகவே கல்லீரல் அமினோ அமிலங்களின்மேல் கைவைக்கிறது: அவற்றிலுள்ள நைட்ரஜன் கழற்றப்பட்டு யூரியாவாகச் சிறுநீரில் வெளியேற, எஞ்சிய கரிமப் பகுதி குளுக்கோஸாகிறது. முழுப் பட்டினியின் தொடக்க நாள்களில் தினமும் 75 கிராம் அளவுக்குத் தசைப் புரதம் இவ்வாறு கரைகிறது. வாரங்கள் செல்லச் செல்ல மூளை கொழுப்பிலிருந்து உருவாகும் கீட்டோன்களுக்குப் பழகிக்கொள்வதால், இழப்பு 20 கிராம் அளவுக்குக் குறைகிறது. பஞ்சத்தில் விதைநெல்லைக் குத்தி உண்ணும் உழவனின் நிலையே இது.

அரைவயிறு உண்பவரிடமும் இதே விதி மென்மையான வடிவில் செயல்படுகிறது. கலோரி போதாத ஒருவருக்குப் பருப்போ பாலோ கூடுதலாகக் கொடுத்தால், அதன் ஒரு பகுதி தசையாக மாறாமல் எரிபொருளாகவே செலவாகும். தேக்கு மரத்தை விலைகொடுத்து வாங்கி அடுப்பெரிப்பதற்கு ஒப்பானது அது. மாறாக, மாவுச்சத்தோ எண்ணெயோ போதிய அளவு கிடைத்தால், அதே புரதம் தனக்குரிய பணிக்குத் திரும்பும்.

ஐதராபாத்தைச் சுற்றியுள்ள கிராமங்களில் கோபாலனும் உடன் பணியாற்றியோரும் செய்து 1973-ல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சான்று. குறையூட்டமுற்ற சிறு குழந்தைகளுக்குக் கோதுமை மாவு, சர்க்கரை, எண்ணெய் ஆகியவற்றால் ஆன தின்பண்டம் ஓராண்டுக்கு மேல் வழங்கப்பட்டது. அதில் 310 கலோரி இருந்தது. புரதமோ வெறும் மூன்று கிராம். ஆயினும் அது பெறாத குழந்தைகளைவிட இக்குழந்தைகள் உயரத்திலும் எடையிலும் தெளிவாக முன்னேறினர். வீட்டு உணவில் ஏற்கெனவே இருந்த புரதம் எரிபொருளாகாமல் காக்கப்பட்டதே இதன் பொருள்.

கடுமையாக நலிந்த குழந்தைக்கான மருத்துவமும் இதையே பின்பற்றுகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் முறைப்படி தொடக்க நாள்களில் தரப்படும் பாலுணவில் 100 மில்லிலிட்டருக்கு 75 கலோரியும் 0.9 கிராம் புரதமும் மட்டுமே உண்டு. கல்லீரலின் நொதிகளே தேய்ந்துள்ள நிலையில், மிகுதியான புரதம் நன்மைக்கு மாறாகத் தீங்கு செய்யும். குழந்தை தேறிய பிறகே 100 கலோரியும் 2.9 கிராம் புரதமும் கொண்ட உணவுக்கு மாறுவர்.

கணக்கின் மறுபக்கம்

இதிலிருந்து புரதத்தைப் பற்றிக் கவலையே வேண்டா என்று முடிவு செய்வது இன்னொரு கோடிக்குச் செல்வதாகும். 1970-களில் சிலர் அவ்வாறே சென்றனர். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழு 2020-ல் வகுத்த அளவுகளின்படி, 65 கிலோ எடையுள்ள, மிதமான உழைப்புடைய ஆணுக்கு நாளொன்றுக்கு 2,710 கலோரியும் 54 கிராம் புரதமும் வேண்டும். அரிசியை மட்டுமே உண்டு அந்தக் கலோரியை எட்டுவதாயின் சுமார் 760 கிராம் அரிசி தேவை. அதில் 60 கிராம் புரதம் இருக்கும். தானியம் உண்பவருக்குக் கலோரி நிறைந்தால் புரதமும் நிறையும் என்ற வாதத்தின் பலம் இதுவே. ஆனால் மரவள்ளிக் கிழங்கில் புரதம் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கைக்கூட எட்டாது. அதை மட்டும் நம்பியவர் வயிறு நிறைந்தும் தேவையில் பாதிப் புரதத்தைக்கூடப் பெறமாட்டார்.

தரமும் கருதத்தக்கது. உடல் தானே உருவாக்கிக்கொள்ள இயலாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றுள் ஒன்றான லைசின் தானியங்களில் குறைவு; பருப்பு வகைகளில் மிகுதி. பருப்பில் குறைந்த மீத்தியோனைன் தானியத்தில் உண்டு. கோக்கும்போது ஒரு மணி குறைந்தாலும் சரம் முற்றுப்பெறாது. இட்லியும் பொங்கலும் கிச்சடியும் இக்குறையை இருபுறமும் நிரப்பிக்கொள்பவை.

திட்டமிடுவோரின் கணக்கும் இவ்வழியே மாறிவந்துள்ளது. திட்டக் குழு அமைத்த பணிக்குழு 1979-ல் வறுமைக் கோட்டைக் கலோரியைக்கொண்டே வரையறுத்தது: கிராமத்திற்கு 2,400, நகரத்திற்கு 2,100. டெண்டுல்கர் குழு 2009-ல் கலோரி அடிப்படையையே கைவிட்டது. சி. ரங்கராஜன் தலைமையிலான குழு 2014-ல் அதை மீட்டதோடு புரதத்தையும் கொழுப்பையும் தனியே சேர்த்தது. கிராமத்திற்கு 2,155 கலோரி, 48 கிராம் புரதம், 28 கிராம் கொழுப்பு என்றும், நகரத்திற்கு 2,090 கலோரி, 50 கிராம் புரதம், 26 கிராம் கொழுப்பு என்றும் அது கொண்டது. உயிரணுவின் கணக்குக்கு இதுவே நெருக்கமானது எனலாம்.

2013-ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் முன்னுரிமைக் குடும்பத்தினருக்குத் தலைக்கு மாதம் ஐந்து கிலோ தானியத்தை உறுதி செய்தது. அது அரிசியாக இருப்பின் நாளொன்றுக்கு ஏறத்தாழ 590 கலோரியும் 13 கிராம் புரதமும் ஆகும். இது சிறிய உதவியன்று. எனினும் பருப்பும் எண்ணெயும் அச்சட்டத்தின் மாதாந்திர ஒதுக்கீட்டில் இடம்பெறவில்லை.

கஞ்சியின் கன அளவு

2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 35.5 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரமின்றி உள்ளனர். உயரத்திற்கேற்ற எடையின்றி 19.3 விழுக்காட்டினர் உள்ளனர். இரண்டு வயதுக்குட்பட்டோரிடம் சிக்கல் தானியத்தின் பற்றாக்குறை மட்டுமன்று, இரைப்பையின் அளவும் ஆகும். பத்துக் கிலோ எடையுள்ள குழந்தை ஒரு வேளையில் 300 மில்லிலிட்டர் அளவே கொள்ளும். மாவைக் கொதிக்க வைத்தால் நீரை உறிஞ்சிக் கெட்டியாகும். எனவே தாய் நீர் விளாவுகிறார். நூறு மில்லிலிட்டரில் எட்டுக் கிராம் மாவு உள்ள கஞ்சி 28 கலோரிதான் தரும். எத்தனை முறை ஊட்டினாலும் அக்கஞ்சியால் கலோரித் தேவை நிறையாது. அதிலுள்ள சிறிதளவு புரதமும் எரிபொருளாகிவிடும்.

ஒரு கரண்டி எண்ணெய் சேர்ப்பது இதற்கு எளிய வழி. மற்றொரு வழி நொதியே. தானியம் முளைக்கும்போது அமைலேஸ் என்ற நொதி அதில் பெருகுகிறது. அது மாவுச்சத்தின் நீண்ட சரங்களை வெட்டுவதால் கெட்டிக் கஞ்சி நெகிழ்ந்துவிடுகிறது. மைசூரிலும் வடோதராவிலும் 1980-களில் இது விரிவாக ஆராயப்பட்டது. முளைகட்டிய கேழ்வரகு மாவு சிறிதளவு கலந்தால், நூறு மில்லிலிட்டருக்கு இருபது கிராம் மாவிட்டுக் காய்ச்சிய கூழும் குழந்தை விழுங்கத்தக்க பதத்திற்கு வரும்; கலோரி 70 ஆக உயரும். அங்கன்வாடிப் பணியாளர் தாய்மார்களுக்கு இதைக் கற்பிக்கையில் ஒன்றை மட்டும் மறவாமல் கூற வேண்டும். முளைமாவைக் கஞ்சி அடுப்பிலிருந்து இறக்கிச் சற்று ஆறிய பின்னரே கலக்க வேண்டும். கொதிக்கும்போது இட்டால் நொதி சிதைந்து கஞ்சி கெட்டியாகவே நின்றுவிடும்.