எங்கிருந்து வந்தது? ஜொகூர் பாருவின் இசையும் சுவையும்

கேள்வி: சங்கீத ஈடுபாடு மிக்க என் சித்தப்பா தஞ்சாவூரிலிருந்து வருகிறார். வெளியூரார் பார்ப்பதற்கென்று வைத்திருப்பவற்றை விட்டு, உள்ளூரார் விரும்புபவற்றைக் காட்டும்படி கேட்டிருக்கிறார். ஜொகூர் பாருவில் அவற்றை எப்படித் தேடுவது? (வாசகி, கூலாய்)

பதில்: ஒரு நகரத்தில் பார்க்கத்தக்க இடங்கள் எவை என்பதை எந்த வழிகாட்டிப் புத்தகமும் சொல்லிவிடும், அந்நகரத்தார் எவற்றைத் தம்முடையவை என்று கொண்டாடுகிறார்கள் என்பதையோ, அவர்கள் உண்ணும் வேளையில் உடன் உண்டும், பாடும் வேளையில் உடன் அமர்ந்தும்தான் அறிய வேண்டியிருக்கிறது.

ஜொகூர் பாரு, நகரங்களின் கணக்கில் இளமையானது. 1855-ஆம் ஆண்டில் தெமெங்கோங் டாயெங் இப்ராகிம் தஞ்சோங் புத்ரி என்ற பெயரில் ஸ்தாபித்த இவ்வூர், அவருடைய குமாரர் அபு பக்கரின் ஆட்சியில், 1866-இல் இப்போதைய பெயரைப் பெற்றது. மிளகும் காம்பிரும் பயிரிட வந்த சீனர், வணிகத்தையும் மார்க்கத்தையும் கொண்டுவந்த ஹத்ரமௌத் அராபியர், ஜாவாவிலிருந்தும் ரியாவ் தீவுகளிலிருந்தும் குடியேறியோர், ரயில் பாதையிலும் ரப்பர்த் தோட்டங்களிலும் உழைக்க வந்த நம்மவர் ஆகிய பலரும் சேர்ந்து உண்டாக்கிய நகரமாகையால், இங்கே மக்களுக்குப் பிரியமான எந்தப் பொருளை எடுத்துக்கொண்டாலும் அதன் பிறப்பிடம் பெரும்பாலும் கடலுக்கு அப்பால்தான் இருக்கும். ஆதலால், எங்கே பிறந்தது என்று கேட்டதோடு நிறுத்தாமல், இங்கு வந்தபின் யாருடைய கையில் என்ன மாறுதல் அடைந்தது, இன்றும் அதைச் செய்கிறவர்கள் யார் என்று சேர்த்துக் கேளுங்கள். இவ்விரண்டு வினாக்களுக்கும் விடை கிடைக்கும் இடத்தில் உள்ளூராரின் விருப்பம் தங்கியிருக்கும்.

நடைமுறைக்கு ஒரு வார்த்தை: ஜொகூரில் பதினோராண்டுக் காலம் வெள்ளியும் சனியுமாக இருந்த வார விடுமுறை, 2025 ஜனவரி முதல் மீண்டும் சனியும் ஞாயிறுமாக மாறியிருக்கிறது. பழைய தகவலை நம்பி நாள் குறிக்க வேண்டாம். காலை வேளையில் ஜாலான் திரஸ், ஜாலான் தான் ஹியோக் நீ, ஜாலான் டோபி ஆகிய தெருக்களில் நடந்தபடி தொடங்குவது உத்தமம்.

கேள்வி: ஜொகூரில் மலாய்க்காரர் பாடும் கஸலில் ஹார்மோனியமும் தபலாவும் ஒலிக்கின்றனவே, அவை அங்கே எப்படி வந்தன? (இசை ஆசிரியர், மூவார்)

பதில்: அராபிய, பாரசீகக் கவிதையில் தோன்றி, ஹிந்துஸ்தானத்து அரசவைகளில் உருதுவில் வளர்ந்த கஸல், 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பம்பாயிலிருந்து மலாயாத் துறைமுகங்களுக்கு வந்த பார்ஸி நாடகக் கம்பெனிகளோடும், இந்திய வணிகரோடும் சிப்பாய்களோடும் கடல் கடந்து வந்தது. அந்நாடகங்களைக் கண்டு மலாய் மக்கள் தமக்கென்று அமைத்துக்கொண்ட நாடகமே பங்சாவான்; அதே பார்ஸி அரங்கின் திரைச் சீலைகளும் ஹார்மோனியமும் நம் தமிழ்நாட்டுச் சங்கீத நாடகத்தின் உருவத்தையும் மாற்றியமைத்தன என்பதை நினைக்கும்போது, மதுரையும் ஜொகூரும் ஒரே அலையால் நனைந்த இரண்டு கரைகள் என்று தோன்றுகிறது.

ஜொகூரில் அவ்விசைக்குப் புகலிடம் தந்தவர், 1886 முதல் 1919-இல் மறையும் வரை மாநிலத்தின் முதல் மந்திரி பெசாராக விளங்கிய டத்தோ ஜாபார் ஹாஜி முகம்மது ஆவார். அவருடைய இல்லத்தில் கூடிய ரசிகர்களிடையே வளர்ந்த இக்கலைக்கு ஜொகூர் உருவம் தந்தவர் என்று மரபு போற்றுவது, பாக் லோமாக் என்று அழைக்கப்பட்ட ஹாஜி மூசா பின் யூசுப் என்பவரை. சாரங்கி இருந்த இடத்தில் வயலினையும், ஸிதார் இருந்த இடத்தில் அராபியர் கொண்டுவந்த கம்புஸ் என்னும் நரம்பு வாத்தியத்தையும் அமர்த்தி, ஹார்மோனியத்தையும் தபலாவையும் அப்படியே நிலைநிறுத்தி, உருதுக் கவிதைக்குப் பதிலாக மலாய்ப் பந்துனைப் பாடவைத்த பெருமை அவரையும் அவர் வழி வந்தோரையும் சாரும்.

பந்துன் நான்கு அடிகள் கொண்டது. முதல் இரண்டு அடிகள் ஆற்றையோ மரத்தையோ பறவையையோ காட்ட, பின்னிரண்டு அடிகள் மனத்திலுள்ளதைச் சொல்லும். கருப்பொருளைக் காட்டி உரிப்பொருளை உணர்த்தும் அகத்திணை மரபில் பழகியவருக்கு அதன் நயம் எளிதில் விளங்கும். ஹார்மோனியக்காரர் பாயில் சம்மணமிட்டு அமர்ந்து, இடக்கையால் துருத்தியை அசைத்து, வலக்கை விரல்களால் பாட்டின் சங்கதிகளைப் பின்தொடர, அவர் விட்ட இடத்தை வயலின் எடுத்துக்கொள்ளும். அடியில் கம்புஸின் மீட்டல் தாளத்தோடு இழைந்து ஓடும்.

ஹார்மோனியத்தின் சரித்திரமும் இவ்விடத்தில் சொல்லத்தக்கது. 1842-இல் பாரிஸ் நகரத்து அலெக்ஸாந்தர் தெபேன் உரிமம் பெற்ற அக்கருவி, காலால் மிதித்து வாசிக்கும் பெட்டியாக இந்தியாவுக்கு வந்து, கல்கத்தாவில் துவாரகாநாத் கோஷ் போன்றோர் கைப்பட்டு, தரையில் அமர்ந்து கைத்துருத்தியால் வாசிக்கும் வடிவம் பெற்றது. கமகங்களைக் காட்ட இயலாத அந்நிய வாத்தியம் என்ற ஆக்ஷேபத்தால் அகில இந்திய வானொலி 1940-இல் அதை விலக்கி வைத்து, 1971-இல்தான் அத்தடையைத் தளர்த்தியது. அந்த முப்பது ஆண்டுகளும் ஜொகூரின் திருமண வீடுகளில் ஹார்மோனியம் தடையின்றி ஒலித்துக்கொண்டிருந்தது. பாலுசுவாமி தீட்சிதரும் தஞ்சை நால்வரில் ஒருவரான வடிவேலுவும் ஐரோப்பிய வயலினைக் கர்நாடக சங்கீதத்துக்கு உரியதாக்கிய வரலாற்றை அறிந்தவர்கள், பாக் லோமாக்கின் காரியத்தின் அருமையை உடனே உணர்வார்கள்.

இதைக் கேட்க விரும்புவோர் திருமண விருந்துகளையும் மாநில விழாக்களையும் நாடலாம். யாயாசான் வாரிசான் ஜொகூர் என்ற மரபுடைமை நிறுவனத்தில் நிகழ்ச்சிகளை விசாரிக்கலாம். கஸல் குழுக்களுக்குப் பேர் போன தங்கள் மூவாரில், வழி கேட்டாலே போதும்.

கேள்வி: ஸாப்பின் நடனம் அராபியருடையதா, மலாய்க்காரருடையதா? (கல்லூரி மாணவர், ஸ்கூடாய்)

பதில்: தோற்றம் ஹத்ரமௌத், வளர்ப்பு ஜொகூர். தென் அராபியாவின் அப்பகுதியிலிருந்து வந்தோர் ஆடிய நடனத்தைக் கண்ட மலாய் மக்கள், அதன் அடவுகளைத் தம் மென்மைக்கு ஏற்பப் பதப்படுத்திக்கொண்டார்கள். ஆதியில் ஆடவரே ஆடி வந்த இதில் பெண்கள் பங்குகொண்டது பிற்காலத்து மாறுதல். ஜொகூரின் வெவ்வேறு கிராமங்கள் வெவ்வேறு ஸாப்பின் வகைகளைப் பேணி வருகின்றன என்பதே அது இம்மண்ணில் வேரூன்றியதற்குச் சான்று.

தங்களைப் போன்ற இளைஞர்கள் கவனிக்க வேண்டியது அதன் தொடக்கம். தக்ஸிம் என்ற அப்பகுதியில், தாளம் எதுவுமின்றிக் கம்புஸ் மட்டும் தனித்து ஸ்வரங்களை விரித்துச் செல்லும். நம் ஆலாபனையைக் கேட்டுப் பழகிய செவிக்கு அது அந்நியமாகத் தோன்றாது. அதன்பின் மார்வாஸ் என்னும் சிறு கைமுரசுகள் பல, ஒன்றையொன்று இடைமறித்து ஒலிக்க, ஆட்டம் தொடங்கும். முடிவில் முரசொலி விரைந்து ஓங்க, ஆடுவோர் தாழ்ந்தும் எழுந்தும் நிறைவு செய்வார்கள்.

கேள்வி: சீனப் பள்ளிகளில் மாணவர்கள் முழக்கும் இருபத்து நான்கு முரசுகள் சீனாவிலிருந்து வந்த பழங்கலையா? (இல்லத்தரசி, மாசாய்)

பதில்: பலரும் அவ்வாறே எண்ணுகிறார்கள், ஆனால் அது பிறந்த ஊர் ஜொகூர் பாருவேயாகும், ஆண்டு 1988. இசைவாணர் சென் ஹுய் சுங்கும் கவிஞர் தான் சாய் புவானும் சேர்ந்து உருவாக்கிய அம்முழக்கம், முதலில் ஒன்பது முரசுகளோடு மேடையேறிப் பின்னர் இருபத்து நான்காக விரிந்தது. 1913-இல் தொடங்கப்பட்ட பூன் யூ உயர்நிலைப்பள்ளியின் மாணவர்கள் அதை முதன்முதலில் குழுவாகப் பயின்றார்கள். 2009-இல் அது மலேசியாவின் தேசிய மரபுடைமையாக அங்கீகாரம் பெற்றது.

எண்ணுக்கு ஆதாரம் உழவர் பஞ்சாங்கம். சூரிய வீதியைப் பன்னிரண்டு ராசிகளாகப் பகுத்து நாம் மாதங்களை வகுத்ததுபோல், சீனர் அதனை இருபத்து நான்கு பருவங்களாகப் பகுத்து, விதைப்பதையும் அறுப்பதையும் அவற்றைக்கொண்டே கணித்தார்கள். ஒவ்வொரு முரசின் மீதும் ஒரு பருவத்தின் பெயர் தூரிகையால் எழுதப்பட்டிருக்கும். மாணவர்கள் தோலின் நடுவிலும் விளிம்பிலும் மாறி மாறி அடித்தும், கோல்களை ஒன்றோடொன்று தட்டியும், மழையையும் உழவையும் அறுவடையையும் உடலசைவால் காட்டுவார்கள். பனிக்காலமே இல்லாத நாட்டில், மூதாதையரின் பருவங்களைப் பேரப்பிள்ளைகள் கையாலும் காலாலும் கற்கிறார்கள். ஜாலான் திரஸில் உள்ள பழைய சீனக் கோவிலின் சிங்கே என்னும் ஊர்வலத்தைச் சீனப் புத்தாண்டின் இருபத்தோராம் நாள் இரவில் காணச் செல்வோர், ஐந்து மொழிக் குழுக்களின் ஐந்து தெய்வங்கள் ஒன்றாக உலா வருவதையும் காணலாம்.

கேள்வி: லக்ஸா ஜொகூரில் இத்தாலிய ஸ்பெகெட்டி எப்படிப் புகுந்தது? (வாசகர், பத்து பகாட்)

பதில்: ஐரோப்பாவில் பலமுறை சஞ்சரித்து, 1895-இல் லண்டனில் மறைந்த சுல்தான் அபு பக்கர், அங்கே உண்ட ஸ்பெகெட்டியின் மீது பிரியம் கொண்டு, அரிசிச் சேமியாவுக்குப் பதிலாக அதை லக்ஸாவில் சேர்க்குமாறு அரண்மனைச் சமையற்காரருக்கு உத்தரவிட்டார் என்பது இந்நாட்டு ஐதீகம். கதை எப்படியாயினும், அரண்மனைப் பண்டம் இன்று ஹரிராயாவன்று எளிய வீடுகளிலும் பரிமாறப்படுகிறது.

முள்ளுவாளை போன்ற மீனை வேகவைத்து முள் நீக்கி அரைத்து, தேங்காய்ப் பாலும், வறுத்து இடித்த தேங்காயான கெரிசிக்கும், கறித்தூளும் சேர்த்துக் கூழ்ப் பதத்தில் குழம்பு காய்ச்சுவார்கள். வெந்த ஸ்பெகெட்டியை விரல்களால் சுழற்றி உருண்டையாகத் தட்டில் வைத்து, அதன்மேல் குழம்பை வார்த்து, வெள்ளரி, வெங்காயம், முளைப்பயறு, கெசோம் இலை ஆகியவற்றைத் தூவி, சம்பால் பெலாச்சானும் கஸ்தூரி எலுமிச்சையும் பக்கத்தில் வைப்பார்கள். மரபறிந்தவர்கள் முள்கரண்டியை ஒதுக்கிவிட்டுக் கையால் பிசைந்து உண்பார்கள். தங்களுக்கும் அவ்விதமே பரிந்துரைக்கிறேன்.

கேள்வி: காலை உணவுக்குப் பழைய கடைகள் உண்டா? (வாசகர், தாம்போய்)

பதில்: உண்டு. ஜாலான் தான் ஹியோக் நீயில் 1919 முதல் நடந்துவரும் ஹியாப் ஜூ ரொட்டிக்கடையில், விறகடுப்பில் வெந்த வாழைப்பழ கேக்குக்கு வரிசை நிற்கும். ஜாலான் டோபியில் 1937-இல் தொடங்கிய சலாஹுத்தீன் ரொட்டிக்கடையும் விறகடுப்பைக் கைவிடாதது. அராபியரின் ஃபூல் என்னும் அவரைக் கூழே ஜொகூரில் காச்சாங் பூல் ஆயிற்று; இங்கே அதில் கொத்திறைச்சியும் சம்பாலும் சேர, மேலே பொரித்த முட்டையும் அருகே தடித்த ரொட்டித் துண்டும் வந்து அமர்ந்தன.

கேள்வி: இந்நகரத்தின் இசைக்குத் தமிழராகிய நாம் கொடுத்தது என்ன? (கோவில் தொண்டர், ஜொகூர் பாரு)

பதில்: ஜொகூர் வழியாக ரயில் பாதை 1909-இல் நிறைவுற்றது, ஜாலான் உங்கு புவானில் ராஜமாரியம்மன் ஆலயம் 1911-இல் எழுந்தது. அம்மன் சந்நிதியில் நாதஸ்வரமும் தவிலும் முழங்க, தோட்டப்புறங்களில் முனீஸ்வரனுக்கும் மதுரை வீரனுக்கும் உறுமி ஒலித்தது. ஒரு முகத்தை வளைகோலால் தேய்த்து முனகல் போன்ற நாதத்தை எழுப்பி, மறுமுகத்தை அடித்து முழக்கும் அவ்வாத்தியத்தைத் தோட்டத்திலிருந்து பட்டணத்துக்குக் கொண்டுவந்து, தைப்பூசக் காவடிகளுக்கு உரியதாக்கியவர்கள் இந்நாட்டிலேயே பிறந்து வளர்ந்த நம் இளைஞர்கள். அவர்கள் தாமே குழு சேர்த்து, தாமே பழகி, இளையோருக்குக் கற்றுக்கொடுத்தும் வருவதால், உறுமி மேளம் இன்று ஐயத்துக்கிடமின்றி மலேசியத் தமிழரின் கலையாகிவிட்டது.

நாதஸ்வரத்தைப் பற்றி அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாததே என் மனத்தை வருத்துகிறது. சுவாமி புறப்பாட்டில் மல்லாரி வாசிக்க நம் கோவில்களில் பல இன்றும் தமிழ்நாட்டிலிருந்தே வித்துவான்களை வரவழைக்கின்றன. அவர்கள் வரட்டும், அவர்களால் நமக்குப் பெருமையே. ஆயினும் பாக் லோமாக்கின் வழிவந்தோர் ஹார்மோனியத்தையும், பூன் யூ மாணவர்கள் முரசையும் தம் கையில் எடுத்துக்கொண்டதைப் போல, நம் பிள்ளைகளும் நாதஸ்வரத்தை எடுத்துக்கொள்ள வேண்டும். வருகின்ற வித்துவான் தங்கியிருக்கும் காலத்திலேயே, கோவில் நிர்வாகம் நான்கு சிறுவர் சிறுமியரை அவரிடம் சீடர்களாக அமர்த்தி, வாத்தியமும் வாங்கித் தருமானால், அந்தப் பாரம்பரியம் இங்கே நிலைக்கும். தாங்கள் தொண்டாற்றும் கோவிலில் இதை அடுத்த கூட்டத்திலேயே எடுத்துச் சொல்லுங்கள்.