நிழல் சொல்லும் உத்தராயணம்

கல்கத்தாவில் மழை வருமா என்று கேட்டால், "அலிப்பூர் என்ன சொல்கிறது?" என்பர் வங்காளிகள். வானிலை அலுவலகம் இங்கே, ட்யூயல் அவென்யூவில் இருப்பதே அதற்குக் காரணம். மழையை மட்டுமன்றி, ஞாயிறு, திங்கள், கோள்கள் ஆகியவற்றின் நடையையும் நாட்டுக்குக் கணித்துச் சொன்ன ஊர் இது என்பதை நம்முள் எத்தனை பேர் அறிவோம்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் இந்தியாவில் ஏறக்குறைய முப்பது வகை நாட்காட்டிகள் வழங்கின. இவற்றை ஆராய 1952-இல் ஒரு குழு அமைந்தது. அதன் தலைவர் பேராசிரியர் மேகநாத சாகா. டாக்காவை அடுத்த சிற்றூரில் எளிய கடைக்காரர் ஒருவரின் மகனாகப் பிறந்தவர்; விண்மீன்களின் ஒளிப்பட்டையிலிருந்து அவற்றின் வெப்பநிலையை அறிய வழி காட்டும் சமன்பாட்டை 1920-இல் உலகுக்கு அளித்தவர். அத்தகைய அறிஞர் பஞ்சாங்கத்தை ஏன் கையில் எடுக்க வேண்டும்? எண்ணிப் பாருங்கள்: நம் மக்கள் நாள்தோறும் புரட்டும் ஒரே வானியல் நூல் பஞ்சாங்கந்தானே!

குழுவின் அறிக்கை 1955-இல் வெளிவந்தது. அவ்வாண்டே அலிப்பூர் வானிலை அலுவலகத்தில் 'நாட்டிகல் அல்மனாக் யூனிட்' என்னும் கணிதப் பிரிவு தோன்றியது. 1957 மார்ச் 22 முதல் தேசிய நாட்காட்டி நடைமுறைக்கு வந்தது. ராஷ்ட்ரீய பஞ்சாங்கம் தமிழ் உட்படப் பல மொழிகளில் வெளிவரலாயிற்று. 1956 பிப்ரவரியில் மறைந்த சாகா அதனைக் காணவில்லை. அப்பிரிவு பின்னர் தனி மையமாக வளர்ந்து, இன்று சால்ட் லேக்கில் இயங்குகிறது.

அக்குழு எடுத்துக்காட்டிய பிழை யாது? ஞாயிறு தென்கோடியைத் தொட்டு வடக்கே திரும்புவதே உத்தராயணம். அது தை முதல் நாளன்று நிகழ்வதாக நாம் வீட்டில் கற்றோம். வானிலோ அது டிசம்பர் 21 அல்லது 22-இலேயே நிகழ்ந்து விடுகிறது!

இவ்வேறுபாடு எவ்வாறு வந்தது? சுழலும் பம்பரத்தின் தலை மெல்ல வட்டமிடுவதைக் கண்டிருப்பீர்கள். பூமியின் அச்சும் அவ்வாறே சுமார் 26,000 ஆண்டுகளுக்கு ஒரு முறை வட்டமிடுகிறது. ஆகவே, விண்மீன்களை வைத்து அளக்கும் ஆண்டும் பருவங்களை வைத்து அளக்கும் ஆண்டும் ஒன்றல்ல. பருவ ஆண்டு 365.2422 நாள், சூரிய சித்தாந்த ஆண்டு 365.2588 நாள். மிகுதி 24 நிமிடம் மட்டுமே. ஆயின் அது அறுபது ஆண்டில் ஒரு நாளாகும். 1,400 ஆண்டில் 23 நாளாகும்.

நூலில் படித்ததை நம்பி அமர்வதா? சென்ற குளிர்காலத்தில் விடுதி மொட்டை மாடியில் ஒரு மீட்டர் உயரக் கம்பை நேராக நட்டோம். கல்கத்தாவில் ஞாயிறு உச்சிக்கு வருவது நம் கடிகாரத்தின் பன்னிரண்டு மணிக்கு அன்று. டிசம்பர் இறுதியில் 11.35 அளவிலேயே வந்து விடும். ஆகவே அன்றைய மிகக் குறுகிய நிழலையே குறித்துக்கொண்டோம். டிசம்பர் 22-இல் 103 செ.மீ. பொங்கலன்று 96 செ.மீ. ஞாயிறு பொங்கலன்றுதான் திரும்புமாயின், அன்றுதான் உச்சி நிழல் மிக நீண்டிருக்க வேண்டும். ஆனால் அது ஏற்கெனவே குறைந்துகொண்டிருந்தது.

இதனைத் தஞ்சையிலுள்ள என் தாத்தாவுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்றே வருத்தத்துடன், "அப்படியானால் நம் முன்னோர்கள் அறியாதவர்களா, தம்பி?" என்றார். மேடையில் நின்று கைதட்டல் வாங்குவது எளிது. பஞ்சாங்கத்தைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் பெரியவருக்கு விடை கூறுவது எளிதன்று. "இல்லை, தாத்தா. முதலில் கணித்தவர்கள் வானத்தைப் பார்த்துக் கணித்தார்கள். அன்று அது பொருந்தியிருந்தது. பின்வந்த நாம்தான் பார்ப்பதை விட்டுவிட்டோம். பொங்கல் அறுவடைத் திருநாள், அதற்கு இதனால் ஒரு குறையும் இல்லை" என்றேன்.

சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, "கம்பு எத்தனை உயரம் வேண்டும்?" என்று கேட்டார்.

தஞ்சையில் அதே நாளில் அதே உயரக் கம்பின் நிழல் ஏறத்தாழ 68 செ.மீ. இருக்கும். ஒரே ஞாயிறு, இரண்டு நிழல்கள். பூமியின் பரப்பு வளைந்திருப்பதே இதற்குக் காரணம். இவ்விரு நிழல்களின் கோண வேறுபாட்டையும், இரு ஊர்களுக்கும் இடையிலுள்ள தென்வடல் தொலைவையும் கொண்டு பூமியின் சுற்றளவையே கணக்கிடலாம்!

நண்பர்களே, அறிவியலை மக்களிடம் கொண்டு செல்லப் பெருங்கருவிகள் தேவையில்லை. வரும் டிசம்பர் 22 அன்று நீங்கள் இங்கே ஒரு கம்பை நடுங்கள். ஊரில் உள்ள தம்பி தங்கையரையும் நடச் சொல்லுங்கள். அளவுகளைச் சங்கத்துக்கு அனுப்புங்கள். பொங்கல் விழாவன்று அவற்றை ஒரே பலகையில் எழுதிக் காண்போம்.