பாசியின் சுவரைக் கரைக்கும்போது

ஒற்றை உயிரணு ஆய்வில் இயந்திரம்தான் எல்லாம் என்று எண்ணியிருந்தேன். உண்மையான பாடு அதற்கு முன்னரே தொடங்கிவிடுகிறது.

நான் எடுத்துக்கொண்டது கிளாமிடோமோனாஸ் என்னும் பச்சைப்பாசி. ஏறத்தாழ 10 மைக்ரோமீட்டர் அளவு. ஒவ்வோர் உயிரணுவையும் தனித்தனி நுண்துளியில் அடைத்து, உடைத்து, அதன் ஆர்.என்.ஏ.வைப் படிக்க வேண்டும். சுவர்தான் தடை. செடிகளுக்குள்ளது போன்ற செல்லுலோஸ் சுவர் அன்று இது. சர்க்கரை சேர்ந்த புரதச் சுவர். ஆகவே செல்லுலேஸ் நொதி உதவாது. (நான் முதலில் தேடியது அதைத்தான்!) இரு வகைப் பாலணுக்களைக் கலந்தால், அவை இணையும்போது ஆட்டோலைசின் என்னும் நொதியை வெளியிடும். அந்த நீரை வடித்தெடுத்துப் பயன்படுத்துகிறோம். சோப்புத்தன்மையுள்ள கரைசல் ஒரு சொட்டு விட்டதும் பாசி வெடித்தால், சுவர் போய்விட்டது என்று பொருள்.

சிக்கல் இனிமேல்தான். சுவரிழந்த பாசி சும்மா இருப்பதில்லை. புதுச் சுவர் கட்டும் மரபணுக்களை விரைவில் முடுக்கிவிடுகிறது. அப்படியானால் நாம் படிப்பது பாசியின் இயல்பையா, நாம் கொடுத்த அதிர்ச்சியையா? அதனால் நேரத்தைச் சுருக்கி, உடனே பனிக்கட்டியில் வைத்து, நொதி படாத பாசியின் மொத்த ஆர்.என்.ஏ.வோடும் ஒப்பிட வேண்டியுள்ளது.

இன்னொன்று, தம்பி தங்கையரே: இரவில் பிரிந்த சேயணுக்கள் சில வேளை தாய்ச்சுவருக்குள்ளேயே கிடக்கும். நுண்ணோக்கியில் பாராமல் ஏற்றினால், நான்கு பாசிகள் ஒன்றாகப் பதிவாகும்.